ஒன்பது நாள் ஓடிய பேருந்து

எம்.எல்.ஏ. அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, நான்கரை வருடம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் எழுதுகிறேன். எனக்கு வயது இருபத்தெட்டு. இந்த வயதில் பணி அனுபவம் எழுத உட்காருவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் யாரும் அறுபது வயது வரை இருப்பதில்லை. எம்.எல்.ஏ. தோற்றால் வேலை போகும். ஜெயித்து மந்திரியானால் கோட்டையிலிருந்து வேறு ஆள் வருவார். வாயைத் திறந்தாலும் போகும். எனக்கு அப்படித்தான் போனது.

மனுவுக்கு எண் போடுவது, தாசில்தாருக்கு எப்படி எழுதுவது, பரிந்துரைக் கடிதத்தை எந்த அதிகாரிக்கு அனுப்புவது என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் கை வந்துவிடும். அதை நான் சொல்லப் போவதில்லை. உங்கள் மேஜையில் எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடு ஒன்று இருக்கும். அதில் நீங்கள் எழுதும் வரி உங்கள் வரி இல்லை. எழுதி முடித்த நிமிடத்திலிருந்து அது ஒரு தொகுதியே சொன்ன வார்த்தை. அந்த வார்த்தையில் ஒரு பொய் இருந்தால் அது யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் என் மேலேயே.

என் பெயர் சின்னப்பொண்ணு. கொல்லிமலையில் பலாக்குழி என் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை. மரவள்ளியும் மிளகும் கொஞ்சம் சாமையும்தான் எங்கள் பிழைப்பு. அடிவாரத்து ஹாஸ்டலில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கி, எங்கள் எம்.எல்.ஏ.வின் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒருநாள் அப்பா மிளகு விற்க இறங்கியவர் அலுவலகத்துக்கு வந்தார். அப்போது பேண்ட் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் என் மேஜை முன் நின்று, "மேடம், இதைக் கொஞ்சம் ஐயா பார்வைக்கு வையுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அதைக் கேட்டார். ஊருக்குப் போய் ஒரு வாரம் அதையே சொல்லியிருக்கிறார்.

அலுவலகத்தை நடத்தியவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர். எல்லோரும் அவரை 'ஒன்றியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த புதிதில் என்னிடம், "பேரை மாத்திக்க கண்ணு. போன்ல சொன்னா எதிர்ல இருக்கறவன் சிரிக்கறான்" என்றார்.

"சிரிச்சு முடிச்சதும் எழுதிக்கச் சொல்லுங்க" என்றேன்.

எம்.எல்.ஏ. எங்கள் மலைக்காரர். இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை ஜெயித்தவர். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் நாயின் பெயர்கூடத் தெரிந்து வைத்திருப்பார். ஆனால் சட்டமன்ற உறுப்பினரின் வேலை சட்டம் செய்வது என்று நீங்கள் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தால் அதை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அவருடைய நாளில் முக்கால்வாசி கல்யாணம், காதுகுத்து, சாவு. கூப்பிட்ட வீட்டுக்கு வராத எம்.எல்.ஏ., எத்தனை ரோடு போட்டாலும் வராத எம்.எல்.ஏ.தான். எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்ற பட்டியல் போடுவது என் வேலை.

அதில்தான் முதல் தப்பு செய்தேன். ஒரே காலையில் இரண்டு சாவு. ஒன்று மலைமேல் ஒரு ஊர்க்கவுண்டர் வீட்டில். இன்னொன்று அடிவாரத்தில் மிளகு வியாபாரம் பார்த்த பாய் வீட்டில். எம்.எல்.ஏ. தோற்ற காலத்திலிருந்து அவர் கூடவே நின்ற குடும்பம் அது. காரவள்ளியில் ஏறினால் எழுபது வளைவு, போய் வர அரை நாள் ஆகும். மேலே முதலில் போய்விட்டு இறங்கும்போது பாய் வீட்டுக்குப் போகலாம் என்று பட்டியல் போட்டேன். எல்லாச் சாவுக்கும் வாங்குவது போல இரண்டு ரோஜா மாலையும் வாங்கி வண்டியில் வைத்தேன். ஐயா இறங்கி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கையில் மாலையோடு வாசலில் நின்றவரிடம் பாயின் மகன், "அத்தா போயி மூணு மணி நேரமாச்சுங்க. மாலைய யாருக்குப் போடறீங்க, எனக்குங்களா?" என்று கேட்டார்.

ஐயா வண்டியில் ஏறியதும் என்னைத் திட்டவில்லை. மாலையை என் மடியில் வைத்தார். எங்கள் வழக்கத்தில் சொந்தமெல்லாம் மலையேறி வந்து சேரும்வரை பிணம் காத்திருக்கும். அவர்கள் வழக்கம் அப்படி இல்லை, மாலையும் கிடையாது. அதை ஒரு போனில் கேட்டிருக்கலாம். நமக்குத் தெரிந்ததே உலகம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எதையும் விசாரிக்காமல் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு மூன்று வருடம் நின்றது. நான்காவது வருடம் நானே அதை உடைத்தேன்.

இனி பேருந்துக்கு வருகிறேன்.

பலாக்குழியிலிருந்து சோளக்காட்டுப் பக்கம் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கிலோமீட்டர். ஊருக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டே பேருந்து; காலைப் பேருந்து பத்து மணிக்குத்தான் வரும். பத்தாவது வரை பக்கத்திலேயே பள்ளி இருக்கிறது. அதற்குமேல் படிக்க வேண்டுமானால் ஏழரைக்குள் ஒரு வண்டி வேண்டும். பையன்கள் மரவள்ளி ஏற்றும் சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்களை அதில் அனுப்ப யாருக்கும் மனது வராது. அதனால் பத்தாவது முடித்த பெண்கள் பஞ்சு மில்லுக்குப் போய் அங்கேயே தங்கி வேலை பார்ப்பார்கள். மில் வேன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊருக்குள் வந்து நிற்கும். மழை பெய்தாலும் வரும், ரோட்டில் மரம் விழுந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு வரும். பள்ளிக்கூடத்துக்குப் போக வண்டி வராத ஊருக்குப் பஞ்சாலைக்குப் போக வண்டி வருகிறது.

என் சித்தியின் மகள் சத்யா அந்த வருடம் பத்தாவதில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். பதினொன்றாம் வகுப்பில் இடமும் கிடைத்தது. சித்தப்பா முரட்டு ஆள் இல்லை, பயந்த ஆள். என்னிடம் வந்து, "பஸ் வந்தா புள்ள போவட்டும் சாமி. சரக்கு வண்டியில நான் ஏத்த மாட்டேன். பஸ்ஸு இல்லீன்னா மில்லுதான், வேற என்ன பண்றது?" என்றார்.

நான் மனு எழுதினேன். ஐயாவும் அக்கறையாக நான்கு முறை டெப்போவுக்குப் பேசினார். பள்ளி திறந்த வாரத்தில் காலை ஏழு இருபதுக்குப் பலாக்குழியிலிருந்து புறப்படும் பேருந்து ஒன்று ஒதுக்கப்பட்டது.

தொடக்க விழாவை நீங்களும் நடத்துவீர்கள், அதனால் சொல்கிறேன். வாழைமரம் கட்டினோம். தேங்காய் உடைத்தோம். ஊர்ப் பெண்கள் சந்தனத்தைக் குழைத்து வண்டியின் முகத்தில் உள்ளங்கையைப் பதித்தார்கள். ஐயா கொடியசைத்தார். அதற்குப் பிறகு, எல்லா எம்.எல்.ஏ.க்களும் செய்வது போல, டிரைவரை இறக்கிவிட்டுத் தானே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். வாழ்நாளில் டிராக்டர் மட்டும் ஓட்டியவர். வண்டி நூறடி போய் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. உள்ளே இருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

"ஐயா, இப்புடி ஓட்டுனா நாங்க பரீட்சைக்குத்தான் போயிச் சேருவோம்" என்று சத்யா ஜன்னலிலிருந்து சொன்னாள்.

"ஏறிட்ட இல்ல, பேசாத உக்காரு கண்ணு" என்றார் ஐயா. அவருக்கும் சிரிப்புதான். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. செய்தி எழுதியது நான்.

பேருந்து ஒன்பது நாள் ஓடியது.

பத்தாவது நாள் வரவில்லை. பதினோராவது நாள் கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அடிவாரத்து ஊர் ஒன்றில் புதிய வழித்தடம் தொடக்கம். வாழைமரம், கொடி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேறொரு தலைவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே எங்கள் ஊர்ப் பெண்களின் சந்தனக் கைகள் காய்ந்துபோய் அப்படியே இருந்தன. கழுவக்கூட இல்லை.

டெப்போவுக்குப் போன் செய்தேன். "வண்டி பத்தலைங்க மேடம். ரெண்டு வாரத்துல வேற வண்டி விட்டுடறோம்" என்றார்கள். ஐயாவிடம் சொன்னேன். அவர் போன் செய்தபோதும் அதே பதில்தான். பொறுத்திருப்போம் என்றார். சத்யாவும் இன்னும் நான்கு பெண்களும் அந்த இரண்டு வாரத்துக்காக இருட்டோடு எழுந்து ஒன்பது கிலோமீட்டர் நடந்தார்கள். போகும்போது நடை, வரும்போது மாலைப் பேருந்து. இரண்டு வாரம் ஒரு மாதமானது. மழை தொடங்கியதும் மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் சாதனை மலர் வந்தது. நான்கு வருடத்தில் எம்.எல்.ஏ. என்னென்ன செய்தார் என்று வழவழப்பான தாளில் படத்தோடு ஒரு புத்தகம். தலைமைக்குப் போகும், தொகுதி முழுக்க வீடுவீடாகப் போகும். முழுவதும் நான்தான் எழுதினேன். பலாக்குழி பக்கம் வந்ததும் நிறுத்தினேன். ஒன்றியம் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, பேனா நின்னுபோச்சு?"

"இந்த பஸ் இப்ப ஓடலீங்களே."

"நல்ல போட்டோ, அதை எடுத்தா பக்கம் காலியாப் போவும். அச்சு முடிஞ்சு ஊடு ஊடாப் போறதுக்குள்ள வண்டி வந்துரும். எழுது."

"தொடங்கி வைத்தார்னு மட்டும் எழுதட்டுங்களா?"

"தொடங்கி வெச்சது என்ன சாதனை? ஓடறதுதான் சாதனை. ஓடுதுன்னு எழுது."

எழுதினேன். 'மலைவாழ் மாணவியரின் நீண்டநாள் கனவை நனவாக்கிய இப்பேருந்து நாள்தோறும் இயங்கி வருகிறது.' பன்னிரண்டு வருடம் ஹாஸ்டல் சோறு சாப்பிட்டுப் படித்த தமிழ் அது. என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. வேலை போய்விடும் என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த வரி நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

வண்டி வரவில்லை. அக்டோபரில் சட்டமன்றம் கூடியது. ஐயாவிடம் வற்புறுத்திக் கேள்வி கொடுக்க வைத்தேன். 'பலாக்குழிக்குக் காலை நேரப் பேருந்தை மீண்டும் இயக்க அரசு ஆவன செய்யுமா?' கேள்வி ஏற்கப்பட்டுப் பட்டியலில் அச்சாகி வந்தது. அந்தத் தாளைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சட்டசபையிலயே நம்மூரு பேரைச் சொல்லுவாங்களா?" என்றார்.

கேள்வி வந்த நாளில் ஐயா சென்னையில். நான் அலுவலகத்தில். நேரலையில் பார்க்கச் சித்தப்பா பத்து மணிப் பேருந்துக்குக் காத்திராமல் விடியும்போதே நடந்து வந்து ஏதோ ஒரு லாரியைப் பிடித்து இறங்கியிருந்தார். என் போனை மேஜையில் ரெஜிஸ்டர்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

அமைச்சர் எழுந்து, அந்தப் பேருந்து ஏற்கெனவே இயங்கி வருவதாகப் பதிலைப் படித்தார். துணைக்கேள்வி கேட்க ஐயாவுக்கு வாய்ப்பு. 'ஜூன் மாதம் ஒன்பது நாள் ஓடி நின்றுவிட்டது. மீண்டும் எந்தத் தேதியில் ஓடும்?' என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். மேலே, 'புகழ்ச்சி அரை நிமிடத்துக்குள்' என்றும் எழுதியிருந்தேன். ஐயா எழுந்தார். தலைவரைப் புகழ்ந்தார். தலைவரின் தந்தையைப் புகழ்ந்தார். அமைச்சரின் புன்னகையைப் புகழ்ந்தார். சபாநாயகர், "உறுப்பினர் கேள்விக்கு வரணும்" என்றார். அதற்கும் நன்றி சொல்லிவிட்டு, கடைசியாக, "வண்டி சில நாளா வர்றதில்லைன்னு மக்கள் சொல்றாங்க" என்றார். மக்கள் சொல்கிறார்களாம். தேதியைக் கேட்கவே இல்லை.

அமைச்சர் கையில் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். வழவழப்பான அட்டை. தூரத்திலேயே தெரிந்தது.

"உறுப்பினரே வெளியிட்ட மலர் இது. பேருந்து நாள்தோறும் இயங்கி வருகிறதுன்னு அவரே எழுதியிருக்காரு. எதை நம்பறதுன்னு அவரே சொல்லட்டும்."

சபை முழுக்கச் சிரித்தது. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். ஐயாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

சித்தப்பா என்னைப் பார்த்து, "எதுக்குச் சாமி சிரிக்கறாங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். புத்தகத்தில் ஓடுகிறது என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். யார் எழுதியது என்றும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ படிச்ச புள்ள, காரணமாத்தான் எழுதியிருப்பே" என்றார். இன்றுவரை என்னை யாரும் அதைவிடக் கேவலமாகத் திட்டியதில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு சத்யா மில் வேனில் ஏறினாள்.

ஐயா ஊர் திரும்பியதும் என்னை உள்ளே கூப்பிட்டார். ஒன்றியமும் இருந்தார். "என்னய சபையில நிக்க வெச்சுச் சிரிக்க வெச்சுட்டயே சின்னப்பொண்ணு" என்றார் ஐயா.

"நான் ஐயாவையும் எங்க ஊரையும் சேத்துச் சிரிக்க வெச்சுட்டனுங்க. அதைச் சரி பண்ணலாம்ங்க. மலர்ல அந்த வரி தப்புன்னு ஐயா லெட்டர்பேடுல ஒரு கடிதம் கொடுத்தாப் போதும்ங்க."

ஒன்றியம் சிரித்தார். "எலெக்ஷனுக்கு ஆறு மாசம் இருக்குது. அந்தக் கடிதத்த எதிர்க்கட்சிக்காரன் நோட்டீஸா அடிப்பான். அச்சுக் கூலிய நீ குடுக்கறயா?"

ஐயா சிரிக்கவில்லை. "மலரு தலைமைக்குப் போயிருக்குது. அது பொய்யின்னு நானே கையெழுத்துப் போட்டா எனக்கு மறுக்கா சீட்டு வராது. நீ சொல்றது நெசந்தான் கண்ணு. ஆனா இப்ப அதைச் சொல்ல முடியாது" என்றார்.

இதைக் கவனியுங்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஐந்து வருடத்தில் நான்கரை வருடத்தை உள்ளே இருந்து பார்த்தவள் நான். முதல் வருடம் தவிர மற்ற எல்லா நாளும் அவர் மனதில் ஒரே கேள்விதான்: மறுபடி சீட்டு கிடைக்குமா? நல்லவர்களையும் அந்தக் கேள்வி அரித்துவிடும். நாயின் பெயர்கூடத் தெரிந்தவருக்கு அந்த ஐந்து பெண்களின் பெயர் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னார். என் கோபம் அதில்தான்.

நான் மூன்று நாள் யோசித்தேன். வேலையை விட்டால் வீட்டுக்குப் போகும் சம்பளம் நின்றுவிடும். இருந்தால் அந்த வரி என்னோடு இருக்கும். நான்காம் நாள், எம்.எல்.ஏ. அலுவலகத்து ஆளாக இல்லாமல் பலாக்குழி ஊர்க்காரியாக, வெள்ளைத் தாளில், அந்தப் பேருந்து எந்தெந்த நாள் எங்கே ஓடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் டெப்போவிடம் கேட்டேன். பதில் வாங்கப் போனபோது அங்கிருந்த எழுத்தர் ஒருவர், பெயர் வேண்டாம், குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "சட்டசபைக் கேள்வி வந்தப்ப ஓடலைன்னுதான் மொதல்ல எழுதினேன்ங்க. எம்.எல்.ஏ.வே ஓடுதுன்னு புத்தகம் போட்டிருக்காரு, நீ யாரு மறுக்கன்னு மேல கேட்டாங்க. புத்தகத்த இணைச்சு அனுப்பிட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது." பிறகு தினசரி ஓட்டத் தாளின் நகல்களை எண்ணிக் கொடுத்தார். பலாக்குழி என்ற பெயர் ஒன்பது தாளில் இருந்தது. பத்தாவது தாளில் வேறு ஊர்.

சட்டமன்றத்தின் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களே மாவட்டத்துக்கு வந்து, மனு கொடுத்தவரையும் அதிகாரியையும் நேருக்கு நேர் வைத்து விசாரிப்பார்கள். உங்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, ஏனென்றால் நம் அலுவலகங்கள் அதை யாருக்கும் சொல்வதில்லை. டிசம்பரில் குழு வருகிறது என்று தெரிந்ததும் மனு போட்டேன். போவதற்கு முந்தின நாள் ஐயாவிடம் சொன்னேன். ஒளித்துப் போக எனக்கு இஷ்டமில்லை.

"போனீன்னா மறுக்கா இந்த ஆபீஸுக்கு வராதே" என்றார்.

"சரிங்கய்யா" என்று மேஜைச் சாவியை வைத்தேன்.

கலெக்டர் அலுவலகக் கூட்டத்தில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து மனுவைப் படித்தேன். டெப்போ அதிகாரி எழுந்து பேருந்து இயங்குவதாகச் சொல்லி அந்த மலரைக் காட்டினார். குழுத் தலைவர் வாங்கிப் படித்துவிட்டு, "இதுல நாள்தோறும் இயங்குதுன்னு இருக்கேம்மா?" என்றார்.

"அது பொய்ங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினது நாந்தாங்க."

ஒன்பது தாளையும் பத்தாவது தாளையும் மேஜையில் வைத்தேன். நடந்து போன ஐந்து பெண்களின் பெயரைச் சொன்னேன். இப்போது அதில் நான்கு பேர் மில்லில் இருப்பதையும் சொன்னேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். "நீ எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருக்கற பொண்ணுதானே? இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"நேத்து வரைக்கும் இருந்தனுங்க. சொல்லிட்டுத்தான் வந்தேன். போகாதேன்னாருங்க."

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. மலரை மூடி டெப்போ அதிகாரி பக்கம் தள்ளினார். "உங்க வண்டி எங்க ஓடுதுன்னு புத்தகத்தைப் பாத்தா தெரிஞ்சுக்குவீங்க? எந்தத் தேதியில் விடறீங்கன்னு எழுதிக் கொடுங்க. தேதி வேணும்" என்றார். ஐயா கேட்க மறந்த கேள்வி.

எழுதிக் கொடுத்த தேதியையும் தாண்டி, இரண்டு நினைவூட்டல் அனுப்பிய பிறகு, பிப்ரவரியில் பேருந்து வந்தது. வாழைமரம் இல்லை, கொடி இல்லை. யாரும் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. டிரைவர் ஓட்டி வந்தார்.

பதினோராவது நாள் நான் மில்லுக்குப் போனேன். ஞாயிறு மதியம் வாசலில் அரை மணி நேரம் பார்க்க விடுவார்கள். சத்யா வந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள். இளைத்திருந்தாள்.

"பஸ்ஸு வந்துருச்சு சத்யா. ஏழு இருவதுக்கு. வா, ஜூன்ல மறுபடி பதினொண்ணு சேந்துக்கலாம். ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசிட்டேன்."

"எத்தன நாளா ஓடுது?"

"பதினோரு நாளா."

"போன தடவைக்கு ரெண்டு நாள் சாஸ்தி" என்றாள்.

வாசலுக்குள் நின்ற மில் வேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நூறு நாள் ஓடட்டும்க்கா. அப்புறம் வாரேன். நீ எழுதி அனுப்பாதே. போட்டோ எடுத்து அனுப்பு. டெய்லி அனுப்பு. தேதி தெரியற மாதிரி எடு."

அவள் கேட்டது நியாயம். என் எழுத்தை நம்ப வேண்டிய எந்தக் கட்டாயமும் அவளுக்கு இல்லை. புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான். 'இயங்கி வருகிறது' என்று எழுதுவதற்கு முன் அந்த நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். வரவில்லையென்றால் வரவில்லை என்று எழுதுங்கள். ஐயா கோபப்படட்டும். பக்கம் காலியாக இருக்கட்டும்.

இப்போது நான் ஊரிலேயே இருக்கிறேன். சம்பளம் குறைவு, பள்ளியில் தற்காலிக வேலை. தினமும் ஏழு மணிக்கு அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போகிறேன். கண்டக்டருக்குப் பழகிவிட்டது. "வந்துட்டனுங்க, எடுத்துக்குங்க" என்று வண்டியை ஒரு நிமிடம் நிறுத்திக் கொடுக்கிறார். நூறாவது நாள் மே மாதம் பாதியில் வரும். பள்ளி ஜூனில் திறக்கும்.

இன்று எழுபத்து மூன்றாவது நாள். வண்டி ஐந்து நிமிடம் தாமதம். படம் அனுப்பிவிட்டேன். அவள் இன்னும் பார்க்கவில்லை, ஷிப்டில் இருப்பாள்.